அப்பாவின் போனுக்கு வந்த ஆறு இலக்கம்

ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்தாலும் கம்ப்யூட்டர் சென்டர் பிள்ளைகள் நீங்கள் என்னை விடுவதாக இல்லை. போன வாரம்கூட உங்களில் ஒருத்தர் கூப்பிட்டு, "மேடம், அட்மின் பக்கத்துல ஒவ்வொரு பேருக்கு நேராவும் ஒரு பட்டன் இருக்கே, போன் நம்பரை மாத்தறதுக்கு, அதை அமுக்கினா என்ன ஆகும்?" என்று கேட்டீர்கள். யார் என்று சொல்ல மாட்டேன், கேட்டவருக்குத் தெரியும். அமுக்கினால் நம்பர் மாறும், வேறென்ன ஆகும்? இதைச் சொல்ல நான் எதற்கு? எப்போது அமுக்கலாம், எப்போது அமுக்கக் கூடாது என்று கேட்டிருந்தால் மனசார வாழ்த்தியிருப்பேன். ஒருத்தரும் கேட்பதில்லை. பரவாயில்லை, கேட்காமலே சொல்கிறேன். கேன்டீனில் டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். கீபோர்டுக்கு அடியில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டி வைத்திருப்பவர்கள் அதை முதலில் கிழித்துப் போட்டுவிட்டு வாருங்கள்.

உங்களுக்கு இதெல்லாம் வந்த நாளிலிருந்து பழக்கம். பாஸ்வேர்டு போட்டால் போனுக்கு ஆறு இலக்கம் வரும், அதையும் தட்டினால்தான் காலேஜ் மெயில் திறக்கும். நம் காலேஜுக்கு அது எப்படி வந்தது தெரியுமா? மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில் ஒரு பேராசிரியர் இருந்தார். தங்கமான மனுஷன். "உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்தவும்" என்று எவனோ அனுப்பியதை நம்பி அழுத்தி, கேட்டதும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டார். மறுநாள் அவர் பெயரில் எல்லா மாணவர்களுக்கும் ஒரு மெயில் போயிருந்தது: "அவசர மீட்டிங்கில் இருக்கிறேன், எனக்காகக் கொஞ்சம் கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்பு." நம் பிள்ளைகள் அப்படி ஒன்றும் ஏமாளிகள் இல்லை. ஒரே ஒருத்தன் மட்டும் மிகுந்த மரியாதையோடு, "சார், எந்தக் கடையில சார் வாங்கணும்?" என்று பதில் போட்டிருந்தான். அவன் இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான்.

நிர்வாகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லார் கணக்கிலும் இரண்டாவது சரிபார்ப்பு இருந்தாக வேண்டும் என்று ஆர்டர். எனக்குச் சந்தோஷம்தான், பல நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருந்தது. இரண்டாவது சரிபார்ப்புக்குப் போன் வேண்டும், நம் காலேஜிலோ மாணவர்கள் போன் கொண்டுவரத் தடை.

கொண்டுவரத் தடை, ஆனால் கொண்டுவருவார்கள். அதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு காலேஜ் பஸ்ஸிலும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்கும். காலையில் கேட் வருவதற்கு முன்னால் எல்லாரும் போனை அணைத்து அதில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் பஸ் கிளம்பியதும் பை கைமாறி கைமாறி வரும், அவரவர் போனை எடுத்துக்கொள்வார்கள். இது பியூனுக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும், பிரின்சிபாலுக்கும் தெரியும். ஆனால் பேப்பரில் நம் மாணவர்கள் யாரிடமும் போன் கிடையாது.

மீட்டிங்கில் நான், "சார், ஒவ்வொரு ஸ்டூடண்ட்டோட போன் நம்பரும் வேணும்" என்றேன்.

டிசிப்ளின் கமிட்டி பார்த்துக்கொள்ளும் பேராசிரியரை நாங்கள் டிசிப்ளின் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "நம்ம ஸ்டூடண்ட்ஸ் யாருக்கும் போன் கிடையாது மேடம்" என்றார். ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. பைகள் தொங்குவது உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிகிறது.

பிரின்சிபால் யோசித்தார். "பேரன்ட்ஸ் நம்பர் நம்மகிட்ட இருக்கே? அட்மிஷன் அப்பவே வாங்கினது. லீவு போட்டா மெசேஜ் அதுக்குத்தானே போவுது? அதையே போட்டுருங்க."

"பிரமாதம் சார்!" என்று டிசிப்ளின் சார் மேசையைத் தட்டினார். "பையன் எப்ப உள்ள போறான், எப்ப வர்றான்னு அப்பாவுக்கும் தெரிஞ்சுபோகும்."

"சார், கணக்கு புள்ளைங்களோடது. அதோட சாவியை அப்பா கையில குடுத்தா..." என்று ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு 'ஆனா' இருக்கு மேடம்" என்றார் பிரின்சிபால். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மீட்டிங் முடிந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த வாரமே எல்லா அப்பாக்களின் நம்பரையும் ஏற்றினோம்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஒரு அப்பா. சீசன் நேரம், சுற்றிலும் ஏலம் போய்க்கொண்டிருக்கிறது, அவர் போனில் மகளுக்கு ஆறு இலக்கத்தைக் கத்திச் சொல்கிறார். எதிரில் நின்ற வியாபாரி, "அந்த விலைக்கு எவன்யா எடுப்பான்?" என்று சண்டைக்கு வந்துவிட்டாராம். அஞ்செட்டிப் பக்கம் ஒரு அம்மா, வீட்டில் டவர் கிடைக்காது. பாறை மேல் ஏறி நின்றால்தான் மெசேஜ் வரும், ஏறி முடிப்பதற்குள் நேரம் தாண்டி அந்த நம்பர் செல்லாமல் போய்விடும். ஒரு அப்பா ஆபீசுக்கே வந்து, "எம்பொண்ணு ஒரு நாளைக்கு இத்தன தடவ உள்ள போறாளே, உள்ள அப்படி என்னங்க இருக்கு?" என்று கவலையோடு கேட்டார். அசைன்மென்ட் இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை.

இப்படி சிரித்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தோம். ரூபா வந்த அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது.

ரூபா மெக்கானிக்கல் கடைசி வருஷம். ஊர் உத்தனப்பள்ளி. வகுப்பில் மொத்தமே மூன்று பெண்கள், அதில் டிசைன் வரைவதில் ஆண்பிள்ளைகளையும் சேர்த்து இவளை மிஞ்ச ஆளில்லை. அதிகம் பேச மாட்டாள். அவள் அப்பா முனிராஜ் ஓசூரில் ஒரு பிளான்ட்டில் மெஷின் ஆபரேட்டர். புனேயில் எந்திரங்கள் டிசைன் செய்யும் ஒரு கம்பெனி இன்டர்வியூ நடத்தி அவளை எடுத்திருந்தது. அன்று காலையில் அவளுடைய காலேஜ் மெயிலுக்கு ஆஃபர் வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் உள்ளே போய்ச் சம்மதம் என்று அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் காத்திருப்பில் இருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த டிபார்ட்மென்ட்டில் ஒரு பெண்ணுக்கு டிசைன் வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானத்துக்கு மேல், கம்பெனிகளைக் காலேஜுக்குக் கூட்டிவரும் பிளேஸ்மென்ட் சார் மூச்சிரைக்க லேபுக்குள் ஓடி வந்தார். பின்னாலேயே ரூபா. "மேடம், இந்தப் பொண்ணுக்கு ஓ.டி.பி. வரல. அவங்கப்பா போன எடுக்க மாட்டேங்கறாரு. அஞ்சு மணிக்கு போயிடும் மேடம், போயிடும்!" மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. வேலை கிடைத்தது தனக்குத்தான் என்பதுபோல ஒரு பதற்றம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். முனிராஜ் செகண்ட் ஷிஃப்ட். கேமரா போனை எந்த பிளான்ட்டுக்குள்ளும் விடமாட்டார்கள். கேட்டில் சின்னச் சின்ன அறைகளாகப் பெட்டி இருக்கும், அதில் போனை வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்பா லைனில் நிற்கிறார், ஆறு இலக்கம் பெட்டிக்குள் கிடக்கிறது. அவ்வளவுதானே? அந்த பிளான்ட்டில் நம் பழைய மாணவன் ஒருத்தன் எச்.ஆரில் இருந்தான். பிளேஸ்மென்ட் சார் அவனைப் பிடித்தார். அவன் முனிராஜைக் கேட்டுக்கு வரவழைத்து, போனை எடுக்க வைத்து, எங்களைக் கூப்பிட வைத்தான். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன், லேபில் இருந்த எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா வணக்கம்ங்க. ரூபா காலேஜ்ல கம்ப்யூட்டர் சென்டர்லருந்து பேசறேன். உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்குங்களா?"

"வந்திருக்குங்க."

"அதக் கொஞ்சம் படிச்சு சொல்லுங்கண்ணா."

"அதெப்படிங்க? யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லிருக்காங்களே."

லேபில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது பேங்க் இல்லீங்கண்ணா, காலேஜ்" என்றேன்.

"காலேஜுன்னு சொல்லித்தான் ஏமாத்தறாங்களாம். டிவில போட்டான்."

இப்போது எல்லாருமே சிரித்துவிட்டார்கள். டிசிப்ளின் சாரும் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்க வந்தவர், "மேடம், உங்க சைபர் செக்யூரிட்டி கிளாஸுக்கு இவரையே கூப்பிடுங்க" என்றார். நான் போனை ரூபா பக்கம் நீட்டினேன். "உங்க பொண்ணு இங்கதான் இருக்காண்ணா, அவகிட்டயே சொல்லுங்க."

ரூபா போனைக் கையில் வாங்கவில்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

"வீட்ல பேசிக்கலாம். வை." போன் துண்டிக்கப்பட்டது.

மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரூபா சிரிக்கவில்லை. மெதுவாக என் பக்கம் குனிந்து, "அவருக்கு இது காலேஜ்தான்னு தெரியும் மேடம்" என்றாள். "செலக்ட் ஆனத முந்தாநாளே சொல்லிட்டேன். ஓசூர்ல இல்லாத கம்பெனியா, எந்தெந்த ஊர்லருந்தோ இங்க வேலைக்கு வர்றான், நீ எதுக்கு இங்கருந்து போறேன்னு கேட்டாரு. இன்னைக்குக் காலைல நான் கிளம்பறப்போ, அந்த நம்பர் என் போனுக்குத்தான் வரும், நான் சொல்ல மாட்டேன், பாத்துக்கோன்னுட்டாரு."

எனக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. மண்டியில் கத்திய அப்பா, பாறை ஏறிய அம்மா என்று எத்தனை நாள் டீ குடித்துக்கொண்டே சிரித்திருப்போம். ஒரு பெண்ணுக்கும் அவள் வேலைக்கும் நடுவில் கதவை வைத்து, பூட்டி, சாவியை அவள் அப்பாவின் சட்டைப் பையில் போட்டதே நாங்கள்தான். அவராகக் கேட்டுக்கூட வாங்கவில்லை. மேசையைத் தட்டி, பிரமாதம் என்று சொல்லிக் கொடுத்திருந்தோம்.

பக்கத்தில் நின்ற இரண்டு சார்களின் காதிலும் அது விழுந்துவிட்டது, இரண்டு பக்கமும் ஆரம்பித்தார்கள். "மேடம், பட்டன அமுக்குங்க" என்று பிளேஸ்மென்ட் சார். "எவ்ளோ கஷ்டப்பட்டு அந்தக் கம்பெனியக் கூட்டிட்டு வந்தேன், தெரியுமா? இவ போகலேன்னா அடுத்த வருஷம் வருவானா அவன்?"

"அமுக்காதீங்க" என்று டிசிப்ளின் சார். "அப்பா வேணாங்கறாரு. நாம தாண்டிப் போனா நாளைக்கு பத்துப் பேரோட வந்து கேட்ல நிப்பாரு. வேணும்னா பிரின்சிபாலக் கேளுங்க."

பிரின்சிபால் கிருஷ்ணகிரியில் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். கூப்பிட்டேன். எல்லா அப்பாக்களின் போனையும் சாவியாக்கியவரின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

தம்பிகளா, தங்கச்சிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் கவனியுங்கள். பட்டன் என் கண்முன்னால் இருக்கிறது. அமுக்கச் சொல்கிறவர் கம்பெனிக்காகச் சொல்கிறார். வேண்டாம் என்கிறவர் கேட்டில் வரப்போகும் கூட்டத்துக்காகச் சொல்கிறார். இருவரும் பெரியவர்கள், இருவரும் என்னைவிட சீனியர். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. இந்தப் பெண் போய் அங்கே ஏதாவது ஒன்று என்றால் அந்த மனுஷன் என் பெயரைச் சொல்லித்தான் அழுவார். ஒரு நிமிஷம் நானும் அவள் புனே போகலாமா கூடாதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அதை யோசிக்க நான் யார்? நான் அவள் அம்மாவும் இல்லை, அவளுக்கு வேலை கொடுப்பவளும் இல்லை. நான் இருப்பது கம்ப்யூட்டர் சென்டரில். என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கணக்கு யாருடையது, எதிரில் நிற்பது அவர்தானா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு பிரின்சிபால் தேவையில்லை. பிளேஸ்மென்ட் சாரை வெளியே இருக்கச் சொன்னேன். அவருக்குக் கோபம், போனார். ரூபாவை உட்கார வைத்தேன்.

"உன் கணக்குக்குள்ள நீ போகணுமா?"

"போகணும் மேடம்."

"போய் என்ன பண்ணப் போறேன்னு என்கிட்ட சொல்லாத. எனக்குத் தெரிய வேணாம்."

அவளுடைய ஐ.டி. கார்டை வாங்கிப் படத்தையும் முகத்தையும் பார்த்தேன். ஆமாம், தெரிந்த பெண்தான், நாலு வருஷமாகப் பார்க்கிறேன், இருந்தாலும் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். தெரிந்தவர் என்பதற்காக அதைத் தாண்டினால், நாளைக்குத் தெரிந்தவரைப்போலப் பேசுகிற எவனுக்கோ தாண்டிவிடுவீர்கள்.

"சரி, உன் போன் நம்பர் சொல்லு. போனும் இப்போ கையில வேணும்."

ரூபா வாசலில் நின்ற டிசிப்ளின் சாரைப் பார்த்தாள். தலை தானாகக் குனிந்தது. "எனக்குப் போன் இல்ல மேடம்."

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. வேலை கைவிட்டுப் போகிற நேரத்திலும் இந்த வாய் அதைத்தான் சொல்லுமா! அந்த அளவுக்கு நாம் பழக்கி வைத்திருக்கிறோம். "ரூபா, எந்த பஸ்ஸு?" என்றேன்.

"...ராயக்கோட்டை பஸ் மேடம்."

டிசிப்ளின் சார் தொண்டையைச் செருமினார். "ராயக்கோட்டை பஸ்ல பை இருக்கா?" என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவர்போலக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ரூபாவைப் பார்த்தார். "இத பாருங்க, நான் ஒண்ணும் சம்மதிக்கல" என்றார். "ஆனா வேற யாரு போனத் தூக்கிட்டு வந்தாலும் நான்தான் பிடிக்கணும். அதனால நானே போறேன்."

போனார். எந்தப் போன் ரூபாவுடையது என்று கேட்காமலே போய்விட்டார். டிரைவரிடம் கேட்க கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பையையே கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு கிரவுண்டுக்குக் குறுக்கே வந்தார். எல்லாப் போனையும் அணைத்துத்தான் போடுவார்கள் என்று சொன்னேன் இல்லையா? எல்லாரும் அணைப்பதில்லை. சார் நடக்க நடக்கப் பை பாடிக்கொண்டே வந்தது. வகுப்பு ஜன்னல்களிலெல்லாம் தலைகள். போன் வைத்திருந்ததற்காக எத்தனையோ பேரின் அப்பாவை வரவழைத்த மனுஷன், ஒரு பஸ் போனையும் சுமந்துகொண்டு நேராகப் பார்த்தபடி நடக்கிறார். லேபுக்குள் வந்து பையை மேசையில் வைத்து, "சீக்கிரம் எடும்மா" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ரூபா தன் போனை எடுத்து உயிர்ப்பித்தாள். நம் பில்டிங் கர்நாடக எல்லையோரம்தான் தெரியுமே, போன் முதலில் கர்நாடகா டவரைப் பிடித்து, கன்னடத்தில் வரவேற்பு சொல்லிவிட்டு, அப்புறம்தான் நம் பக்கம் திரும்பியது. நான் அவள் நம்பரை ஏற்றிப் பட்டனை அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. டிசிப்ளின் சார் அவள் போனையே முறைத்துக்கொண்டு நின்றார், முறைத்தால் வந்துவிடும் என்பதுபோல. டிங் என்றது. அவள் அவசரத்தில் ஒரு தடவை தப்பாகத் தட்டினாள், திரும்பத் தட்டினாள். மெயில் திறந்தது.

நான் என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். டிசிப்ளின் சாரையும் கையைக் காட்டித் திருப்பினேன். வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள்போல சுவரைப் பார்த்துக்கொண்டு. ஆனால் இதையும் கற்றுக்கொள்ளுங்கள். உள்ளே விட்ட பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தீர்களானால், உங்களுக்கும் அவள் அப்பாவுக்கும் என்ன வித்தியாசம்?

கொஞ்ச நேரம் கழித்து, "முடிஞ்சுது மேடம்" என்றாள். ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. என்ன முடிந்தது என்று நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: "நம்பர் மாறுனதுக்கு உங்கப்பா போனுக்கு மெசேஜ் போயிருக்கும். ஷிஃப்ட் முடிஞ்சு பெட்டியத் தொறந்தா பாப்பாரு. வீட்டுக்கு வந்ததும் நீயே மொதல்ல பேசு. ஒளியாத." தலையாட்டினாள். வெளியே போனதும் பிளேஸ்மென்ட் சார் அவளை மடக்கிக் கேட்டிருப்பார், அது அவர்கள் பாடு.

மறுநாள் காலையில் நான் சீட்டில் உட்கார்வதற்குள் டிசிப்ளின் சார் வந்தார். "மேடம், கேட்ல வந்து நிக்கறாரு. தனியாத்தான் வந்திருக்காரு." சொல்லிவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல அவசரமாகத் தன் டிபார்ட்மென்ட்டுக்குப் போய்விட்டார். முந்தின நாள் பை சுமந்த தோழமை அவ்வளவுதான்.

முனிராஜ் பிளான்ட் சட்டையிலேயே வந்திருந்தார். ஒல்லியான ஆள், கண்கள் சிவந்திருந்தன. கத்துவார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நம்பர் மாத்துனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்கண்ணா."

"என்னக் கேக்கலியே."

"கேட்டேங்களே. நீங்க சொல்ல மாட்டேன்னுட்டீங்க. அந்தக் கணக்கு அவ பேர்ல இருக்குங்க. மொதல்லயே உங்க நம்பரப் போட்டது எங்க தப்பு."

அவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்டுக்குப் போனா முழிச்சிட்டு உக்காந்திருந்தா. சம்மதம் குடுத்துட்டேம்ப்பான்னுட்டா. சண்ட போட்டேன் மேடம். ஒரே பொண்ணு. அவ்ளோ தூரத்துல தனியா எப்படி இருப்பா, என்ன சாப்புடுவா? நான் ஒண்ணும் அவ நல்லாருக்கக் கூடாதுன்னு பண்ணல."

"தெரியுதுங்கண்ணா" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்தது.

"அவ ஒண்ணு கேட்டா. அதுக்குத்தான் வந்தேன்." சட்டைப் பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது எடுக்கறப்போ என்கிட்ட போன் இல்ல. மச்சான் நம்பரக் குடுத்தேன். இப்போ பி.எஃப். என்ன ஆச்சுன்னு பாக்கணும்னாகூட அவன் போனுக்குத்தான் ஓ.டி.பி. போவுது. ஒடனே சொல்ல மாட்டான். எதுக்கு, என்ன செலவு, அக்காவுக்குத் தெரியுமான்னு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் சொல்லுவான். முப்பது வருஷம் மெஷின்ல நின்னது நானுங்க." நிறுத்தினார். "மாமாகிட்ட ஒவ்வொரு தடவையும் நீ போயி நிக்கறப்போ எப்படிப்பா இருக்கும்னு கேட்டா."

கார்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மேசைமேல் வைத்தேன்.

"இத மாத்தணும். நீங்க மாத்திக் குடுப்பீங்களா?"

"இத நான் மாத்த முடியாதுங்கண்ணா. ஆதார் சென்டர்ல நேர்ல போயி கை விரல வைக்கணும். புது நம்பர் குடுத்தா போட்டுக் குடுப்பாங்க."

அவர் முகம் சுருங்கியது. "மச்சானக் கூட்டிட்டுப் போணுங்களா?"

"வேணாங்க."

"அவன் நம்பர எடுக்கறோமே. அவன் வந்து சம்மதிக்க வேணாமா?"

"வேணாங்கண்ணா. உங்க ஆதாரு. உங்க விரல் இருந்தா போதும்."

கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனார். போனவர் நின்று, தன் வலது கை விரல்களை ஒரு தடவை விரித்துப் பார்த்தார். அப்புறம் திரும்பி, நம்ப முடியாதவர்போல என்னைக் கேட்டார்.

"அவன் வரவே வேணாமா மேடம்?"